ஆணியில் தொங்கிய நெக்பேண்டும் ஊமையான போனும்: ப்ளூடூத் ஹெட்செட்டை வழிக்குக் கொண்டுவருவது எப்படி?

போன மாதம் அத்தை, மாமாவின் போனிலிருந்து கூப்பிட்டார். "என் போன்ல ரிங் வருதுடா, எடுத்தா ஒண்ணும் கேக்கல, நான் பேசறதும் அவங்களுக்குக் கேக்கலையாம்" என்றார். இரண்டு நாளாக இதே கதை. பக்கத்துத் தெரு மொபைல் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார், அங்கே வைத்துப் பேசினால் கணீரென்று கேட்டிருக்கிறது, வீட்டுக்கு வந்தால் மறுபடி ஊமை. கடைக்காரர் "அப்பப்ப ஸ்பீக்கர் அடி வாங்குது, மாத்திடலாம், 1,400 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டார்.

கடையில் கேட்கிறது, வீட்டில் கேட்கவில்லை என்றால் கோளாறு போனில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறது. "அத்தை, தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த நெக்பேண்ட் எங்க இருக்கு?" என்று கேட்டேன். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ப்ளூடூத் ஹெட்செட்டைத்தான் சொல்கிறேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது என்றார். போய்ப் பார்க்கச் சொன்னால், அது சத்தமில்லாமல் நீல விளக்கைக் கண்சிமிட்டிக்கொண்டு இருக்கிறது. அதாவது இரண்டு நாளாக அத்தைக்கு வந்த அழைப்பெல்லாம் அந்த ஆணிக்குத்தான் கேட்டிருக்கிறது.

ப்ளூடூத் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். பொருளில் ஒன்றும் பழுது இருக்காது, போனும் ஹெட்செட்டும் இந்த நிமிடம் யாரோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பது மட்டும் நமக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்துகொண்டால் போதும், மிச்சமெல்லாம் சின்ன வேலை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஜோடி சேர்ப்பது வேறு, இணைவது வேறு. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது ஒரே ஒரு தடவை, அப்புறம் மாதாமாதம் கடைக்குப் போய் அரிசி வாங்குவது தனி வேலை, இல்லையா? அதேபோல ஹெட்செட்டையும் போனையும் ஒரு தடவை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்துவதுதான் பேரிங். அப்போது இரண்டும் ஒரு ரகசியச் சாவியைப் பரிமாறி, நினைவில் வைத்துக்கொள்கின்றன. அதற்குப் பிறகு ஹெட்செட்டை ஆன் செய்யும்போதெல்லாம் அது பழைய ஆளைத் தேடிப் போய்த் தானாக இணைந்துவிடும். அது வசதிதான், ஆனால் நாம் கேட்காமலே இணைந்துவிடுகிறது என்பதுதான் அத்தைக்கு வந்த வினையும்.

சரி, புது ஹெட்செட்டை முதல் தடவை சேர்ப்பது எப்படி? ஹெட்செட்டை ஆன் செய்தால் மட்டும் போதாது, பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். நெக்பேண்ட் என்றால் பவர் பட்டனை அழுத்துங்கள், ஆன் ஆன பிறகும் விரலை எடுக்காமல் இன்னும் சில விநாடி அழுத்தியபடியே இருங்கள். சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னும், சிலவற்றில் ஒரு பெண் குரல் "பேரிங்" என்று சொல்லும். அதுதான் பேரிங் நிலை, 'நான் புது ஆளைச் சேர்த்துக்கொள்ளத் தயார்' என்று அது அறிவிக்கிற நேரம். இரண்டு காதுக்கும் தனித்தனியாக வரும் இயர்பட்ஸ் என்றால் டப்பாவின் மூடியைத் திறந்தாலே முதல் தடவை அந்த நிலைக்குப் போய்விடும், போகாவிட்டால் டப்பாவில் உள்ள சின்ன பட்டனை, பட்டன் இல்லாவிட்டால் பட்ஸின் தொடுபரப்பை, விளக்கு மாறும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். எத்தனை விநாடி என்பது மாடலுக்கு மாடல் மாறும், கூட வந்த சின்னத் தாளில் போட்டிருப்பார்கள். அந்தத் தாளைக் குப்பையில் போடாதீர்கள், பின்னால் ரீசெட் செய்யும்போது அது வேண்டும்.

அப்புறம் போனில் செட்டிங்ஸுக்குள் போய் ப்ளூடூத்தைத் திறந்து, புதிய சாதனம் சேர்க்கும் பக்கத்துக்கு வாருங்கள். அந்தப் பக்கம் திறந்திருக்கும்போதுதான் போன் புது ஆட்களைத் தேடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் பக்கத்து வீட்டு டிவி, மேல் வீட்டு ஸ்பீக்கர் எல்லாம் பட்டியலில் வந்து நிற்கும், உங்கள் ஹெட்செட் டப்பாவில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துத் தொடுங்கள். பழைய ஹெட்செட் என்றால் ஒரு எண் கேட்கலாம், பெரும்பாலும் 0000 போட்டால் ஏற்றுக்கொள்ளும். கார் மாதிரி திரை உள்ள சாதனமென்றால் இரண்டு பக்கமும் ஒரே 6 இலக்க எண்ணைக் காட்டி, சரியா என்று கேட்கும். ஒத்துப்போகிறதா என்று நிஜமாகவே பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். ரயிலில் போகும்போது நீங்கள் ஒன்றும் செய்யாமலே போனில் இப்படி ஒரு கோரிக்கை வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

சேரும்போது தொடர்புகளையும் அழைப்புப் பட்டியலையும் பார்க்க அனுமதி கேட்டு ஒரு கட்டம் வரும். காருக்கு அது வேண்டும், திரையில் பெயர் தெரிய. காதில் மாட்டுகிற 900 ரூபாய்ப் பொருளுக்கு என் தொடர்புப் பட்டியல் எதற்கு? நான் அந்த டிக்கை எடுத்துவிடுவேன், பேசுவதற்கும் பாட்டுக்கும் எந்தக் குறையும் வந்ததில்லை.

இனி அத்தை பிரச்சினைக்கு வருவோம். அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது திரையைப் பாருங்கள். ஹெட்செட் ஏதாவது இணைந்திருந்தால் ஸ்பீக்கர் பட்டன் இருக்கும் இடத்தில் ப்ளூடூத் சின்னமோ ஆடியோ என்ற சொல்லோ வந்திருக்கும். அதைத் தொட்டால் போன், ஸ்பீக்கர், ஹெட்செட்டின் பெயர் என்று ஒரு சின்னப் பட்டியல் விரியும். போன் என்பதைத் தொட்டால் குரல் உடனே காதருகே வந்துவிடும், அழைப்பைத் துண்டிக்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த ஒரு பட்டனை மட்டும் நாலு தடவை செய்துகாட்டிப் பழக்கிவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

ஐபோன்காரர்களுக்குத் தனியாக ஒன்று. மேலிருந்து இழுத்து வரும் கட்டுப்பாட்டுப் பலகையில் ப்ளூடூத்தைத் தொட்டால் அது அணைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஹெட்செட்டை அன்றைக்கு மட்டும் கழற்றிவிடுகிறது, மறுநாள் தானாகத் திரும்பி வந்துவிடும். நிஜமாக அணைக்க செட்டிங்ஸுக்குள் போய்த்தான் அணைக்க வேண்டும்.

அடுத்த தொல்லை இன்னும் சுவாரசியமானது. பாட்டுக் கேட்கும்போது அருமையாக இருக்கிற ஹெட்செட், அழைப்பு வந்ததும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. லேப்டாப்பில் மீட்டிங்கில் சேர்ந்த மறு விநாடி, பின்னால் ஓடிக்கொண்டிருந்த பாட்டு பழைய பாக்கெட் ரேடியோ மாதிரி ஒலிக்கும். வாங்கின பொருள் மட்டம் என்று திட்டத் தோன்றும். ஹெட்செட்டைச் சொல்லிக் குற்றமில்லை, ப்ளூடூத்துக்குள் பாட்டுக்கு ஒரு பாதை, பேச்சுக்கு ஒரு பாதை என்று இரண்டு இருக்கின்றன. பாட்டுப் பாதை ஒருவழி: போனிலிருந்து காதுக்கு மட்டும், அகலமானது, இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி. பேச்சுப் பாதை இருவழி: உங்கள் குரலும் திரும்பிப் போக வேண்டும், அதனால் இருக்கிற இடத்தைப் பங்குபோட்டு ஒலியைச் சுருக்கிவிடுகிறார்கள். பழைய முறையில் ஒலியை அளந்து விநாடிக்கு 8,000 மாதிரிகள்தான் எடுப்பார்கள், கொஞ்சம் புதியதில் 16,000. பாட்டு சிடியில் அது 44,100. வித்தியாசம் காதுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்?

லேப்டாப்பில் இதற்கு ஒரு எளிய வழி உண்டு. மீட்டிங் செயலியின் ஆடியோ அமைப்பில் ஸ்பீக்கராக ஹெட்செட்டை வைத்துக்கொண்டு, மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஹெட்செட்டின் மைக்கை யாரும் கேட்காததால் அது பாட்டுப் பாதையிலேயே இருக்கும், எதிராளியின் குரல் தெளிவாக வரும். அறையில் மின்விசிறி பேய் வேகத்தில் சுற்றினால் மட்டும் இது சரிப்படாது, லேப்டாப் மைக் காற்றையும் சேர்த்து அனுப்பிவிடும்.

போனிலும் இந்த இரண்டு பாதைகளைக் கண்ணால் பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் ப்ளூடூத் பட்டியலில் ஹெட்செட் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொட்டால் போன் அழைப்புகள், மீடியா ஆடியோ என்று இரண்டு சுவிட்சுகள் இருக்கும். பாட்டு வருகிறது ஆனால் அழைப்பு வரவில்லை, அல்லது தலைகீழாக நடக்கிறது என்றால் இரண்டில் ஒன்று அணைந்திருக்கும், அவ்வளவுதான். நான் இதை வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு: வீட்டு ஸ்பீக்கருக்கு அழைப்பு சுவிட்சை அணைத்து வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் பேங்க் லோன்காரர் பேசுவது கூடம் முழுக்க எதிரொலிக்கும்.

ஒரே ஹெட்செட்டை இரண்டு பேரோடு சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு அடுத்த தலைவலி. லேப்டாப்பில் படம் பார்க்கலாம் என்று ஆன் செய்தால் அது பக்கத்து அறையில் சார்ஜில் கிடக்கும் போனோடு போய் ஒட்டிக்கொள்ளும். சாதாரண ஹெட்செட் கடைசியாக யாரோடு இருந்ததோ அவரைத்தான் முதலில் தேடும். போனில் ப்ளூடூத்தை ஒரு நிமிடம் அணைத்துவிட்டு லேப்டாப்பில் இணைத்தால் வேலை முடிந்தது. மல்டிபாயிண்ட் என்று டப்பாவில் போட்டிருக்கும் ஹெட்செட்டுகள் ஒரே நேரத்தில் இரண்டு பேரோடு இணைந்திருக்கும்: லேப்டாப்பில் படம் ஓடும்போது போனில் அழைப்பு வந்தால் தானாக அங்கே தாவும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் போனில் வாட்ஸ்அப் வந்து டிங் என்று அடித்தாலும் படத்தின் ஒலி ஒரு நொடி செத்துப் பிழைக்கும். அதனால் நான் அதை அணைத்தே வைத்திருக்கிறேன்.

பழைய போனைத் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்துவிட்டால், அதன் பட்டியலில் உங்கள் ஹெட்செட்டை மறந்துவிடும்படி சொல்லிவிட்டுக் கொடுங்கள். பெயரைத் தொட்டால் உள்ளே மறந்துவிடு அல்லது ஜோடி நீக்கு என்று இருக்கும். இதைச் செய்யாமல் விட்டால், நீங்கள் ஹெட்செட்டை ஆன் செய்ததும் அடுத்த அறையில் இருக்கும் தங்கையின் போன் லபக்கென்று பிடித்துக்கொள்ளும், நீங்கள் இங்கே பட்டனை அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்து நிற்பீர்கள்.

விட்டு விட்டுக் கேட்பது பெரிய விஷயம், கொஞ்சம் நின்று பார்ப்போம். ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். உரிமம் வாங்காமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட இடம் அது, ஆகவே கோயில் திருவிழாக் கூட்டம் மாதிரி எல்லோரும் அங்கேதான்: வைஃபை, வயர்லெஸ் மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பு கசியவிடும் அலை எல்லாமே. இந்த நெரிசலில் பிழைக்க ப்ளூடூத் ஒரு தந்திரம் செய்கிறது. 79 சின்ன வாய்க்கால்களாக இடத்தைப் பிரித்துக்கொண்டு விநாடிக்கு 1,600 தடவை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறது, எதில் இரைச்சல் அதிகமோ அதை விட்டு விலகிப் போகிறது. இவ்வளவு தாவியும் சில நேரம் முடியாமல் போகிறது, அதுதான் நமக்குக் கேட்கும் அந்த விக்கல்.

ஆனால் அனுபவத்தில் சொல்கிறேன், பெரும்பாலும் குறுக்கே நிற்பது நம் உடம்புதான். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், இந்த அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். வீட்டுக்குள் நடந்தால் விக்காத ஹெட்செட் மொட்டை மாடியில் விக்கும், ஏனென்றால் வீட்டுக்குள் அலை சுவரில் பட்டுத் திரும்பிச் சுற்றி வழியாகக் காதுக்கு வந்துவிடுகிறது, வெட்டவெளியில் அப்படித் திரும்பி வர ஒன்றுமில்லை. தாம்பரம் மின்சார ரயிலில் இதைச் சோதித்துப் பார்த்தேன். போன் இடது பின் பாக்கெட்டில், காதில் வலது பட் மட்டும்: நாலு வரிக்கு ஒரு விக்கல். போனை வலது முன் பாக்கெட்டுக்கு மாற்றினேன், அதே கூட்டம், அதே பெட்டி, ஒரு பாட்டு முழுசாக ஓடியது. எனவே புது ஹெட்செட் வாங்கும் முன்னால் பாக்கெட்டை மாற்றிப் பாருங்கள், செலவில்லாத வைத்தியம். வீட்டில் என்றால் போன் பிடித்திருக்கும் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். லேப்டாப்பில் விக்கினால், யுஎஸ்பி 3 துளையில் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அந்தத் துளையும் வயரும் இதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும்.

10 மீட்டர் தூரம் வரும் என்று டப்பாவில் இருப்பது, நடுவில் ஒன்றுமே இல்லாத இடத்துக்கான கணக்கு. நடுவில் கான்கிரீட் சுவர் ஒன்று வந்தால் பாதி போய்விடும், இரும்புப் பீரோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இவ்வளவு நேரம் பேசுகிறோமே, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1990-களின் நடுவில் ஸ்வீடனில் எரிக்சன் கம்பெனி ஹெட்செட்டின் வயரை ஒழிக்கத் தொடங்கிய வேலை இது. பிறகு இன்டெல், நோக்கியா, ஐபிஎம், தோஷிபா எல்லாம் சேர்ந்து 1998-இல் ஒரு குழு அமைத்தார்கள். இன்டெல்லின் ஜிம் கார்டக், 10-ஆம் நூற்றாண்டு டென்மார்க் ராஜா ஹரால்டின் பட்டப்பெயரான நீலப்பல், அதாவது ப்ளூடூத் என்பதை, தற்காலிகப் பெயராகத்தான் முன்வைத்தார். வேறு நல்ல பெயர் கிடைக்காமல் அதுவே நின்றுவிட்டது. போன் மூலையில் இருக்கும் அந்தச் சின்னமும் அந்த ராஜாவுடைய பெயரின் முதலெழுத்துகள்தான், பழைய வட ஐரோப்பிய ரூன் எழுத்தில் இரண்டையும் ஒட்டவைத்தது.

உதட்டசைவுக்கும் ஒலிக்கும் பொருந்தவில்லை என்று ஒரு புகார் வரும். ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரித்து, விக்காமல் இருக்கக் கொஞ்சம் சேமித்தும் வைக்கிறார்கள், இதற்கெல்லாம் சேர்த்து சுமார் 200 மில்லி விநாடி போய்விடும். படம் பார்க்கும் செயலிகள் இந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு படத்தையும் கொஞ்சம் தாமதமாக ஓட்டிவிடுவதால் பெரும்பாலும் தெரியாது. விளையாட்டில் அப்படிச் செய்ய முடியாது, துப்பாக்கி சுட்ட பிறகுதான் சத்தம் வரும். ஹெட்செட்டில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் வயர் ஹெட்போனுக்குப் போங்கள், வேறு வழியில்லை.

இயர்பட்ஸில் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்றால் உடனே வாரண்டி கார்டைத் தேடாதீர்கள். முதலில் டப்பாவுக்குள் இருக்கும் சின்ன உலோகப் புள்ளிகளையும் பட்ஸின் அடியில் இருக்கும் புள்ளிகளையும் உலர்ந்த காது குச்சியால் துடையுங்கள். வேர்வையும் அழுக்கும் சேர்ந்து படிந்தால் அந்த ஒரு பக்கம் சார்ஜே ஏறியிருக்காது, பார்ப்பதற்கு டப்பாவில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். அடுத்து ஒலி வரும் வலையைப் பாருங்கள், காதழுக்கு அடைத்திருந்தால் மென்மையான, உலர்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷால், வலை கீழ் நோக்கியிருக்கும்படி பிடித்துக்கொண்டு தட்டிவிடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் ரீசெட். போனில் பெயரை நீக்குங்கள், இரண்டு பட்ஸையும் டப்பாவில் வைத்து, தாளில் சொன்னபடி பட்டனை அழுத்திப் பிடித்து, மறுபடி முதலிலிருந்து சேருங்கள். போன் பக்கத்தில் நீக்காமல் ஹெட்செட்டை மட்டும் ரீசெட் செய்தால், ஒருவரிடம் பழைய சாவி, இன்னொருவரிடம் சாவியே இல்லை, இணைகிறேன் இணைகிறேன் என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒலி ரொம்பக் குறைவாக இருந்தால் ஒரு விஷயம். சில ஹெட்செட்டுகளில் போனுக்கு ஒரு வால்யூம், ஹெட்செட்டுக்கு ஒரு வால்யூம் என்று தனித்தனியாக ஓடும், போனில் முழுசாக வைத்தும் கேட்கவில்லை என்றால் ஹெட்செட்டின் சொந்த பட்டனையும் அழுத்திப் பாருங்கள். அதற்காக எப்போதும் முழுசாக வைத்துக் கேட்காதீர்கள். 80 டெசிபெல் ஒலியில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பெரியவர்களுக்குப் பாதுகாப்பான அளவு என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஒலி கூடக் கூட அந்த நேரம் மளமளவென்று குறையும். வண்டி ஓட்டும்போது இரண்டு காதையும் அடைத்துக்கொள்வதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, பின்னால் வரும் லாரிக்காரர் ஹார்னில் சொல்வார்.

வாங்கப் போகிறீர்கள் என்றால் இரண்டே வார்த்தை. டப்பாவில் ப்ளூடூத் பதிப்பு 5.3, 5.4 என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், அந்த எண் மட்டுமே ஒலியை நன்றாக்கிவிடாது. எல்டாக் மாதிரி உயர்தரச் சுருக்கமுறை வேண்டுமென்றால் போனிலும் அது இருக்க வேண்டும், ஐபோனில் அது கிடையாது, அங்கே ஏஏசி என்ற வேறு சுருக்கமுறைதான். அதற்காகக் கூடுதல் பணம் கொடுத்து ஐபோனோடு சேர்த்தால் பணம் போனதுதான் மிச்சம். வயதானவர்களுக்கு இயர்பட்ஸ் வேண்டாம், கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்விடும், நெக்பேண்டே மேல்.

அத்தைக்கு நான் செய்தது இதுதான். அந்த நெக்பேண்டில் இரண்டு காதுப் பகுதியிலும் காந்தம் இருக்கிறது, ஒன்றோடொன்று ஒட்டினால் தானாக அணைந்துவிடும் ரகம். அவர் அதை விரித்து ஆணியில் மாட்டியிருந்தார். இப்போது மாட்டும் முன்னால் இரண்டையும் டக்கென்று ஒட்டிவிட்டு, விளக்கு அணைகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறாராம். போன வாரம் மாமாவின் போனில் சத்தம் வரவில்லை என்றதும், கடைக்கு எடுத்துப் போக விடாமல், "முதல்ல உங்க காதுல மாட்டறது எங்க இருக்குன்னு பாருங்க" என்று அவரை அனுப்பியிருக்கிறார். அது சட்டைப் பையோடு வாஷிங் மெஷினுக்குள் இருந்தது, அது வேறு கதை.